பியூரோ: ஒரு பிரெஞ்சுச் சொல்லின் சரித்திரம்



பிரெஞ்சு பாஷையைப் பற்றி இச்சபையில் பேசுமாறு என்னைப் பணித்தபோது, அம்மொழியின் நாடகங்களையோ நாவல்களையோ எடுத்துக்கொண்டு பேசுவேன் என்று உங்களிற் பலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவை பெரிய விஷயங்கள். அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். ஒரு மொழியின் உள்ளத்தை அறிய விரும்புகிறவன் அதன் பெருங்காவியங்களைப் பயில்வதோடு, அம்மொழி பேசும் ஜனங்கள் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் கருத்தின்றி உச்சரிக்கும் எளிய சொற்களில் ஒன்றையேனும் எடுத்து, அது எங்கே பிறந்தது, எவ்வழியே நடந்தது, எவரெவர் கையிற்பட்டு எவ்வெவ்வாறு மாறியது என்பதைப் பொறுமையோடு தொடர்ந்து பார்ப்பானாகில், அச்சொல்லின் சரித்திரத்துக்குள்ளேயே அந்த ஜனசமூகத்தின் சரித்திரமும் அடங்கியிருக்கக் காண்பான் என்பது என் துணிபு. ஆகையால் இன்று ஒரே ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். அது 'பியூரோ' என்பது.

பிரெஞ்சு நாட்டில் ஒருவன் எழுதுவதற்கு அமரும் மேசை பியூரோ. அம்மேசை கிடக்கும் அறையும் பியூரோ. அவன் உத்தியோகம் பார்க்கும் அலுவலகம் பியூரோ. கடிதம் சேர்க்கும் தபால் நிலையமும், புகையிலை விற்கும் கடையும், வாக்களிக்கும் சாவடியும் பியூரோக்களே. ஒரு சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் சேர்ந்த நிர்வாகக் குழு பியூரோ. ராணுவத் தலைமையகத்தின் ஒவ்வொரு பிரிவும் பியூரோ. இன்று கணிப்பொறியைத் திறந்ததும் திரையில் விரியும் முகப்பும் அவர்களுக்குப் பியூரோதான். இத்தனை பொருளையும் அகராதியில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காணும் மாணவன், ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாரத்தை ஏற்றியவர் யார் என்று மயங்குவது இயல்பு. ஆனால் இப்பொருள்கள் குவியலாகக் கிடப்பவை அல்ல; ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, ஒரே நூலில் கோக்கப்பட்டு வருபவை.

அந்த நூலைப் பிடிப்பதற்கு நம் இலக்கண ஆசிரியர்கள் நமக்கு அருமையான கருவி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்று வகுத்து, நன்னூலார் அதன் வகைகளையும் விரித்துரைத்தார். ஓரிடத்தில் இருக்கும் பொருளின் பெயர் அவ்விடத்துக்கே ஆவது தானியாகுபெயர்; விளக்கு முறிந்தது என்னும்போது, ஒளியின் பெயர் அதைத் தாங்கும் தண்டுக்கு ஆகிறது. இடத்தின் பெயர் அங்குள்ள மாந்தருக்கு ஆவது இடவாகுபெயர். ஊர் அடங்கிற்று என்பதில் அடங்கினவர் ஊரார். ஆகுபெயர் ஒரு படியோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் உரைகாரர்கள் கண்டார்கள். கார் அறுத்தான் என்னும் தொடரில், கருமையைக் குறித்த சொல் மேகத்துக்கு ஆகி, மேகத்திலிருந்து மழைப்பருவத்துக்கு ஆகி, பருவத்திலிருந்து அப்போது விளையும் நெல்லுக்கு ஆகி, மூன்று படி கடந்து நிற்பதால், அதனை மும்மடியாகுபெயர் என்றார்கள். பியூரோ என்னும் சொல்லும் அத்தகையதே. அதன் படிகளை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்படி ஒரு துணி. லத்தீனில் 'புர்ரா' என்பது கரடுமுரடான கம்பளி மயிரையும், அதனால் ஆன முரட்டு வஸ்திரத்தையும் குறித்தது. அதன் வழிவந்த 'பியூர்' என்னும் பிரெஞ்சுச் சொல் சாயமிடாத பழுப்புக் கம்பளித் துணிக்குப் பெயராயிற்று. வறுமையை விரதமாகக் கொண்ட துறவிகள் அணியும் அங்கிக்கு இன்றும் அதே பெயர்தான். இச்சொல்லோடு ஒரு விகுதி சேர்ந்து 'பியூரெல்' என்று 12-ஆம் நூற்றாண்டில் வழங்கியது. பழம்பிரெஞ்சில் 'எல்' என்று முடிந்த பெயர்கள் காலப்போக்கில் 'ஓ' என்று முடியலாயின. கோட்டையைக் குறித்த 'ஷாஸ்தெல்' இன்றைய 'ஷாத்தோ' ஆனதும், பறவையைக் குறித்த 'உவாஸெல்' இன்றைய 'உவாஸோ' ஆனதும் இவ்விதியால்தான். அவ்விதியே பியூரெலைப் பியூரோ ஆக்கியது. 17-ஆம் நூற்றாண்டில்கூட இச்சொல் துணி என்னும் ஆதிப்பொருளை முற்றும் இழந்துவிடவில்லை. புவாலோ என்னும் கவி தம் முதலாவது அங்கதப் பாட்டில், வறுமையால் பாரிஸை விட்டு வெளியேறும் ஒரு புலவனை வருணிக்குமிடத்து, அவன் உடுத்தியிருந்தது வெறும் பியூரோ என்று எழுதினார்.

இரண்டாம் படி மேசை. பணத்தை எண்ணுவதும் கணக்கைத் தீர்ப்பதும் அக்காலத்தில் காகிதத்தின் மேல் எண் எழுதிச் செய்யும் தொழிலாக இருக்கவில்லை. மேசையின்மேல் துணி விரித்து, அதன்மேல் வட்டக் காசுகளை வரிசை வரிசையாக நகர்த்திக் கூட்டியும் கழித்தும் கணக்கிட்டார்கள். அத்துணி முரட்டுக் கம்பளியாக இருந்தமையால், 14-ஆம் நூற்றாண்டில் அதன் பெயர் முதலில் விரிப்புக்கும், பிறகு அது விரிக்கப்பட்ட கணக்கு மேசைக்கும் ஆகிவந்தது. இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஆங்கில நாட்டிலும் உண்டு. அங்கே அரசருக்குரிய வருமானக் கணக்கைப் பார்த்த மேசையில் சதுரங்கப் பலகையைப் போல் கட்டமிட்ட துணி விரித்திருந்ததால், அந்நாட்டின் பொக்கிஷத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்னும் பெயர் நிலைத்தது. அதுவும் சதுரங்கப் பலகையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்ததே. ஒரு விஷயத்தைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்வதை இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர் 'விரிப்பின்மேல் வைத்தல்' என்கிறார்கள். மேசையும் மேசைத் துணியும் அதிகாரத்தின் அடையாளமாக ஆனதற்கு அரசாங்கம் கணக்கிலிருந்து பிறந்தது என்பதே காரணம். வரி எண்ணப்பட்ட இடத்தில்தான் ராஜாங்கம் வேரூன்றியது.

கம்பளித்துணியின் பெயர் தாங்கிய அம்மேசை அடுத்த நூற்றாண்டுகளில் சித்திரத் தச்சர்களின் கையில் ஓர் ஆடம்பரப் பொருளாக உயர்ந்தது. அவற்றுள் தலைசிறந்தது பதினைந்தாம் லூயி மன்னருக்காகச் செய்யப்பட்டு இன்றும் வெர்சாய் அரண்மனையில் இருக்கும் 'அரசரின் பியூரோ'. ஷான் பிரான்சுவா உவேபென் என்னும் தச்சர் 1760-இல் அதைத் தொடங்கினார். வேலை முடியுமுன் 1763-இல் அவர் இறந்தார். அவருடைய பட்டறையில் பயின்ற ரீசனேர் அதைத் தொடர்ந்து 1769-இல் முடித்தார். உருளைபோல் வளைந்து இறங்கும் மூடியை உடைய அம்மேசை, ஒரே சாவியால் முழுவதும் பூட்டிக்கொள்ளும்படி அமைந்தது. அரசரின் காகிதங்கள் பிறர் கண்ணிற்படாமல் அதனுள் இருந்தன. துறவியின் அங்கிக்கு உரிய பெயர், பல நிற மரங்களை இழைத்துப் பொன்முலாமிட்ட வெண்கலம் பதித்த ராஜ மேசைக்குப் பெயராய் வந்து நின்றதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் படி இடம். மேசை கிடந்த அறைக்கும், அறைகள் சேர்ந்த கட்டிடத்துக்கும் அப்பெயர் பரவியது. பாரிஸ் நகரத்துத் துணி வணிகர் சங்கத்தார் 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தங்களுக்கென்று எழுப்பிய மாளிகைக்கு 'துணி வணிகரின் பியூரோ' என்பதே பெயர். அம்மாளிகையின் கல்முகப்பைப் பெயர்த்துக் கொண்டுவந்து கார்னவாலே அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். துணியின் பெயர் உலகமெல்லாம் சுற்றித் துணி வணிகரிடமே திரும்பி வந்து சேர்ந்தது. அதை அடுத்து வந்தது பதினான்காம் லூயியின் மந்திரியாகிய கோல்பேருடைய காலம். அவர் 1669-இல் பிறப்பித்த விதிகளின்படி, ராஜ்யத்தில் நெய்யப்படும் கம்பளித் துணிகளின் நீளமும் அகலமும் இவ்வளவு இருக்கவேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. நெசவு ஊர்களில் துணியைச் சோதித்து ஈயமுத்திரை இடுவதற்கென்றே பியூரோக்கள் ஏற்பட்டன. அளவு தவறிய துணியை நெய்தவன் தண்டனைக்கு ஆளானான்.

இங்கேதான் நம் சரித்திரம் அதன் உச்சமான கட்டத்தை அடைகிறது. 1712-இல் சேன் மாலோ துறைமுகத்தில் பிறந்து, ஸ்பெயின் தேசத்துக் காதிஸ் நகரில் பல ஆண்டுகள் வாணிகம் செய்து, 1751-இல் பிரெஞ்சு அரசாங்கத்தின் வாணிக அதிகாரிகளுள் ஒருவராக அமர்ந்தவர் வேன்சான் த கூர்னே. வியாபாரியாக இருந்தவர் அதிகாரியான பிறகு, தூர்கோ என்னும் இளைஞரையும் உடன் அழைத்துக்கொண்டு மாகாணங்கள்தோறும் சென்று, தறியடியில் நிற்கும் தொழிலாளி விதிகளின் பாரத்தால் நசுங்குவதைக் கண்ணாரக் கண்டார். தான் நெய்த துணி அளவிலே வேறுபட்டது என்னும் ஒரே காரணத்துக்காக ஏழை நெசவாளி ஒருவன் தண்டிக்கப்படுவது அவர் நெஞ்சைச் சுட்டது என்பதை, 1759-இல் அவர் இறந்தபின் தூர்கோ எழுதிய புகழுரையால் அறிகிறோம். அரசர் ஒருவர் ஆள்வது முடியாட்சி என்றும், மக்கள் ஆள்வது குடியாட்சி என்றும், பிரபுக்கள் ஆள்வது உயர்குடியாட்சி என்றும் கிரேக்கர் வகுத்த ஆட்சி வகைகளோடு, மேசைகள் ஆளுகின்ற ஆட்சி ஒன்றையும் சேர்த்துக் கூர்னே பேசுவதுண்டு என்று, 1760-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கிரிம் பிரபு தம் கடிதங்களில் குறித்து வைத்தார். பியூரோவோடு, அதிகாரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒட்டிக் கூர்னே படைத்த சொல்லே 'பியூரோக்ராசி'. உலகத்தின் எத்தனையோ பாஷைகளில் இன்று வழங்கும் அச்சொல், துணியின் பெயரைத் தாங்கிய அலுவலகங்கள் துணியின் அகலத்தை ஆண்ட காலத்தில், அதைக் கண்டு மனம் நொந்த ஒரு வணிகரின் வாயிற் பிறந்தது.

ஜனங்கள் அந்த நோவைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பாரிஸுக்குள் வரும் பண்டங்களுக்குச் சுங்கம் தண்டுவதற்காக, 1784 முதல் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் எழுப்பப்பட்டது. அதன் வாயில்களில் லெதூ என்னும் சிற்பி தூண்களும் வளைவுகளும் உடைய சுங்கப் பியூரோக்களைக் கட்டினார். 1789-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பஸ்தீய் சிறைக்கோட்டை வீழ்வதற்குச் சில நாட்கள் முன்னரே, மக்கள் அந்தச் சுங்க வாயில்களிற் பலவற்றைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். புரட்சியின் முதல் நெருப்பு பற்றிய இடங்களுள் பியூரோவும் ஒன்று.

நான்காம் படி மனிதர். அலுவலகத்தின் பெயர் அலுவலருக்கு ஆயிற்று. பியூரோ தீர்மானித்தது, பியூரோ மறுத்தது என்றால், அங்கே இடம் பேசுவதில்லை, இடத்தில் அமர்ந்த மாந்தர் பேசுகிறார்கள். நமது இடவாகுபெயருக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. பிரெஞ்சு நாட்டுத் தேசிய சபையின் பியூரோ என்பது சபைத் தலைவர், ஆறு துணைத் தலைவர்கள், சபையின் செலவையும் நிர்வாகத்தையும் கவனிக்கும் மூவர், பன்னிரண்டு செயலாளர்கள் ஆக 22 பேர் அடங்கிய குழு. வாக்குச்சாவடியின் பியூரோவும் அவ்வாறே. அது இடத்தையும் குறிக்கும், அவ்விடத்தில் தலைவராகவும் துணைவராகவும் அமர்ந்து வாக்குப் பெட்டியைக் காக்கும் குடிமக்களையும் குறிக்கும். மேசைக்கு முன்னே அமர்ந்து அமர்ந்தே ஆயுளைக் கழித்த குமாஸ்தாக்களை, அவர்கள் நாற்காலியில் இட்டிருந்த வட்டத் தோல் மெத்தையின் பெயராலேயே ஜனங்கள் அழைத்தார்கள். கூர்தலீன் என்னும் எழுத்தாளர் 1893-இல் வெளியிட்ட நாவலுக்கு அதுவே தலைப்பாயிற்று. அதற்கு முன்பே பால்ஸாக், பாரிஸ் அலுவலக ஊழியரின் வாழ்வையும் மனப்போக்கையும் ஒரு முழு நாவலாகப் பரக்க எழுதியிருந்தார்.

படிகள் முடிந்தன, இனி இச்சொல் பரவிய துறைகளைச் சுருக்கமாகக் காண்போம். 1871-இல், ஜெர்மானியரிடம் தோற்ற பிறகு, பிரெஞ்சு ராணுவத் தலைமையகத்தில் பகைவரின் செய்திகளை ஒற்றறியும் பிரிவு 'இரண்டாவது பியூரோ' என்று அமைந்தது. ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகள் பலவற்றில் இதே தொடர், மணமான ஒருவன் தன் மனைவிக்கு மறைத்து வைத்திருக்கும் மற்றொருத்தியைக் குறிக்கிறது. ஒரு பாஷை கடல் கடந்து வேறு மக்களின் வாயில் வழங்கும்போது புதிய வாழ்க்கையைத் தொடங்குகிறது என்பதற்கு இது சான்று. அல்ஜீரியாவை வென்ற பிரெஞ்சுப் படையினர் அங்குள்ள குலங்களை அடக்கியாள்வதற்கு 1844-இல் முறைப்படுத்திய 'அரபுப் பியூரோக்கள்' அந்நாட்டாரின் நினைவில் கசப்பாகவே நின்றன. புகையிலைப் பியூரோக்களை நடத்தும் உரிமையோ, போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கும் வீரர்தம் விதவைகளுக்கும் அரசாங்கம் அளிக்கும் ஜீவனோபாயமாக நெடுங்காலம் இருந்தது.

ஆனால் இச்சொல்லுக்கு வாய்த்த மிக உயர்ந்த கௌரவம் விஞ்ஞானத்தால் வாய்த்தது. கடலில் செல்லும் கப்பல் தான் நிற்கும் தீர்க்கரேகையை அறிய மாட்டாவிட்டால் வாணிகமும் இல்லை, கடற்படையும் இல்லை என்று உணர்ந்து, புரட்சி அரசாங்கத்தார் 1795-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், கிரெகுவார் பாதிரியாரின் அறிக்கையின்மேல், 'தீர்க்கரேகைப் பியூரோ' ஒன்றை நிறுவினார்கள். லக்ரான்ஷ், லப்லாஸ் முதலிய கணித மேதைகளும், உலகைச் சுற்றிவந்த மாலுமியாகிய பூகேன்வீலும் அதில் ஒருங்கே அமர்ந்தனர். 1875 மே 20-ஆம் நாள் 17 நாடுகள் பாரிஸில் கையொப்பமிட்ட உடன்படிக்கையால், நகரை அடுத்த செவ்ர் என்னுமிடத்தில் 'நிறை அளவைகளின் சர்வதேசப் பியூரோ' ஏற்பட்டது. உலகத்துத் தராசுகளுக்கெல்லாம் மூலமான கிலோகிராம் கட்டி அங்கேதான் பாதுகாக்கப்பட்டது. 2019-இல் இயற்கையின் மாறாத எண் ஒன்றைக்கொண்டு கிலோகிராமை வரையறுக்கும் வரையில், அக்கட்டியே முடிவான பிரமாணமாக இருந்தது. ஏழை நெசவாளியின் துணியை அளந்து தண்டித்த அதே சொல், மானிட ஜாதி முழுமைக்கும் பொதுவான அளவுகோலைக் காக்கும் பீடத்துக்கும் பெயராக அமைந்தது. சொல்லுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதன் பின்னே அமர்ந்திருப்பவரின் கருத்தே அதற்கு நிறமூட்டுகிறது.

பிரெஞ்சு நாட்டெல்லையைக் கடந்தும் அது சென்றது. ருஷிய பாஷை அதனை ஏற்றுக்கொண்டது. கம்யூனிஸ்டுக் கட்சியின் உச்ச அதிகாரக் குழு 'பொலிட்பியூரோ' ஆயிற்று. ஆங்கிலத்தில் அது எழுதும் மேசையையும், இழுப்பறைகள் கொண்ட அலமாரியையும், அரசாங்கப் பிரிவையும் ஒருங்கே குறித்தது. தமிழர்களாகிய நாமும் அதற்குப் புறம்பானவர்கள் அல்லோம். ஐரோப்பியர் வாயிலாக நம்மிடம் வந்த அச்சொல், நம் வீடுகளில் துணிமணியும் நகையும் வைத்துப் பூட்டும் 'பீரோ'வாக நிலைபெற்று, தமிழ்ச் சொல்லைப் போலவே வேற்றுமையும் பன்மையும் ஏற்று நடக்கிறது. பிரெஞ்சு தேசத்தில் துணி என்னும் பொருளை இழந்த ஒரு சொல், இங்கே துணியை உள்ளே வைத்துக்காக்கும் பேழையாயிற்று.

இவ்வளவு பொருள் உடைய சொல்லை ஒரு பிரெஞ்சுக் குழந்தை எவ்வாறு மயங்காமல் வழங்குகிறது? விடை சொல்லில் இல்லை. சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்பவற்றில் இருக்கிறது. 'சுர் ல பியூரோ' என்றால் மேசையின்மேல். 'தாங் மோன் பியூரோ' என்றால் என் அறைக்குள். 'ஓ பியூரோ' என்றால் வேலை செய்யும் இடத்தில். தமிழில் வேற்றுமை உருபு பெயரின்பின் வந்து அதன் பொருளை வேறுபடுத்துவதுபோல, பிரெஞ்சில் இடைச்சொல் முன்னே வந்து வேறுபடுத்துகிறது. சபையில் மசோதா ஒன்றைச் 'சபையின் பியூரோவில் வைத்தார்கள்' என்று படிக்கும்போது, மேசை, குழு ஆகிய இரண்டு பொருளும் ஒருசேர நின்று நமக்கு அச்சொல்லின் முழுச் சரித்திரத்தையும் நினைவூட்டுகின்றன.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய முடிவு ஒன்றுண்டு. அயல்மொழிச் சொல் ஒன்றுக்கு நேர்ச்சொல் ஒன்றை எழுதி மனப்பாடம் செய்வது மொழியறிவு ஆகாது. பியூரோ என்றால் அலுவலகம் என்று மட்டும் கற்றவன், அரசரின் பியூரோவை அரசரின் அலுவலகம் என்று பெயர்த்து வைப்பான். சங்கத்தின் பியூரோவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரைச் சங்கத்தின் கட்டிடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆக்கிவிடுவான். மேசை, அறை, அலுவலகம், நிலையம், சாவடி, நிர்வாகக் குழு, முகப்பு என்று ஒவ்வோர் இடத்துக்கும் உரிய சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த இடத்தில் எது பொருந்தும் என்று காட்டும் அகராதியே நமக்கு வேண்டுவது. புதுச்சேரியில் முசே, துப்புயி என்னும் பாதிரிமார் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்து வழிகாட்டிச் சென்றார்கள். அவர்களுக்கு இல்லாத சாதனங்களும், அவர்கள் காணாத பிரயோகங்களும் இன்று நம்மிடம் இருக்கின்றன.

ஆதலால் இங்கே கூடியிருக்கும் மாணவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: நீங்கள் பிரெஞ்சு பயில்கிறீர்களாயினும் வேறெந்த மொழி பயில்கிறீர்களாயினும், ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது வழங்கும் வாக்கியங்களையெல்லாம் திரட்டி, அதன் பொருள்களை ஆகுபெயர் முறைப்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் வழங்கும் சொல்லை எதிரே எழுதி வாருங்கள். பலர் கூடி அவ்வாறு உழைத்தால், பிரெஞ்சை உள்ளவாறு தமிழருக்கு விளக்கும் பேரகராதி ஒன்று நம் காலத்திலேயே உருவாகிவிடும்.